மாமன் வாங்கித் தந்த உயர நாற்காலி

அண்ணா,

இன்று காலை பரணிலிருந்து அந்த நாற்காலியை இறக்கினேன். பக்கத்து வீட்டு வசந்தா இரவல் கேட்டிருந்தாள். அவள் பிள்ளைக்கு எட்டு மாதம். உட்காரப் பழகிவிட்டான், ஆனால் சோறு ஊட்டும்போது ஓர் இடத்தில் இருக்கமாட்டேன் என்கிறானாம். ஈரத்துணி போட்டுத் துடைத்தேன். சிவப்பு ரெக்சின் ஓரத்தில் வெடித்துப் பஞ்சு தெரிகிறது. கால் கம்பிகளில் மட்டும் பழைய மினுக்கு இன்னும் போகவில்லை. அடியில் இரண்டு கால்களைச் சேர்க்கிற குறுக்குக் கம்பியைத் துடைக்கும்போது விரலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தேன். வலை நூலில் நீ போட்ட முடிச்சு.

அன்றைக்கு நான் அரிவாள்மனையால் அறுத்தபோது தொங்கிய ஈயக் குண்டுகள்தான் கீழே விழுந்தன. இந்த ஒரு முடிச்சு மட்டும் வரவில்லை. எட்டு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். தூசி வாடை மட்டும்தான். நான் எந்த வாடையைத் தேடினேன் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உன்னிடம் நேரில் சொல்லியிருக்கவேண்டியதைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதுவாயலுக்கு நாங்கள் கைப்பிள்ளையோடு குடி வந்த புதிது அது. இவருக்குக் கும்மிடிப்பூண்டி பக்கத்தில் இரும்புக் குழாய்க் கம்பெனியில் வேலை. வரிசையாக ஆறு வீடு, ஆறிலும் கம்பெனிக் குடும்பங்கள். பழவேற்காட்டில் ஏரிக்கரையில் வளர்ந்தவள் நான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரியவேண்டாம் என்றுதான் நானும் இருந்தேன். அப்பா போன பிறகு நீ படகில் போய் வலை போட்டு என்னைப் பொன்னேரிக்குப் பஸ் ஏற்றிப் படிக்க வைத்தாய். அந்தப் படிப்பு என் தலைக்கு ஏறியிருந்தது. இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினால் போதும், ஊரே நம்மைத் திரும்பிப் பார்க்கும் என்று நினைக்கிற வயசு.

ஒருநாள் மேனேஜர் வீட்டுக்குக் கொலுவுக்குக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாவின் குழந்தை உயரமான ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரு தட்டுப் பலகை, கழுத்தில் துணி, கையில் குட்டி ஸ்பூன். பெரியவர்கள் சாப்பிடுகிற மேஜைக்குச் சரிசமமாக அதுவும் உட்கார்ந்து பிசைந்த சாதத்தைத் தின்றது. எனக்குக் கண் அதைவிட்டு அகலவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், "நம்ம வீட்ல மேஜையே இல்ல, நாற்காலி மட்டும் எதுக்கு? தரையில உக்கார வச்சி ஊட்டு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நியாயமான பேச்சுதான். ஆனால் நான் நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ இறால் கொண்டுவந்தாய். என் முகத்தைப் பார்த்த உடனே கேட்டாய், "இன்னா பாப்பா, இஞ்சி துன்ன மாதிரி கீற?" சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் தொட்டிலில் தூங்கிய பிள்ளை எழுந்துவிட்டான். "அடச்சீ, இதுக்கா இம்மாம் பேஜாரு? என் மருமவனுக்குக் காது குத்து வருதில்ல. மாமன் சீருல அதையும் சேத்து எடுத்துட்டா போச்சி. ஞாயித்துக்கெழம கெளம்பு, பட்டணம் போயி வாங்கியாரலாம்."

போனோம். கரி ரயிலில் ஜன்னலோரம் எனக்கு இடம், மடியில் பிள்ளை, நீ நின்றுகொண்டே வந்தாய். பட்டணத்தில் மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில்தான் உயர நாற்காலி இருந்தது. அதுவும் இரண்டே இரண்டு.

ஒன்று மர நாற்காலி. நாலு காலும் அடியில் நன்றாக விரிந்து நிற்கும். இடுப்புக்குத் தோல் பட்டை, கால் வைக்க ஒரு கட்டை, தட்டைத் தனியாகக் கழற்றிக் கழுவிக்கொள்ளலாம். நிறம்தான் அழுது வடிந்தது. இன்னொன்று இது. மெல்லிய பளபளக்கும் கம்பிக் கால், சிவப்பு ரெக்சின், வெள்ளைத் தட்டு. பட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. பார்த்த உடனே என் மனசு அதில் போய் உட்கார்ந்துவிட்டது.

நீ இரண்டையும் ஆட்டிப் பார்த்தாய். முன்னால் ஒரு தள்ளு, பக்கவாட்டில் ஒரு தள்ளு. கடைக்காரர் முறைத்தது உனக்குக் கண்ணில் படவே இல்லை. பிறகு மருமகனைத் தூக்கி முதலில் மரத்தில் உட்கார வைத்தாய், அப்புறம் இதில். அவன் இதில் உட்கார்ந்து ஒரு குதி குதித்தான். நாற்காலி தடக்கென்று ஒரு பக்கம் எழும்பிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தது.

"பாப்பா, இது வாணாம்" என்றாய். "புள்ளைன்னா முன்னாடி குனியும், பின்னாடி சாயும். படகு மாதிரிதான் இதுவும். அடி அகலமா இருக்கணும். இது மேல கனம், கீழ ஒண்ணுமில்ல. கவுந்துக்கும்."

"உனக்கு இன்னாண்ணா தெரியும் இதெல்லாம்? அது கயித்துக் கட்டிலாட்டம் கீது. இதுதான் ஸ்டைலு" என்றேன். கோபம் வந்தால் எனக்கு நம் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும். கடைக்காரர் சிரித்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. உன்மேல் எரிச்சல் வந்தது, பேசினவள் நான்தான் என்றாலும்.

நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்தாய். "சரி, உக்காரப் போறவன் என் மருமவன், பாக்கப் போறவ நீ. எடு."

திரும்பும்போது நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு சென்ட்ரலுக்கு நடந்தாய். நாலு காலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போயின. பின்னால் நான் நாலடி தள்ளியே வந்தேன். வண்டியில் சூலூர்பேட்டைக்காரக் கிழவர் ஒருவர், "இன்னா நைனா இது?" என்று கேட்டார். "என் மருமவனுக்கு சிம்மாசனம். ராஜா இதோ மூக்கொழுகிக்கினு வரார்" என்றாய். பெட்டியே சிரித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் கொண்டுவந்து வைத்த அன்றே நீ சொன்னது நடந்துவிட்டது. பிள்ளை தட்டில் ஸ்பூனால் நாலு தட்டுத் தட்டினான், நாற்காலி சாய ஆரம்பித்தது. நீ எட்டிப் பிடித்தாய். "நான் சொல்லல?" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் வரும்போது மடியில் ஏழு ஈயக் குண்டு கட்டிக்கொண்டு வந்தாய், வலையின் அடியைத் தண்ணீருக்குள் இழுத்துப் பிடிக்கிற குண்டுகள். தரையில் படுத்துக்கொண்டு குறுக்குக் கம்பியில் ஒவ்வொன்றாகக் கட்டினாய். "இப்ப குதிக்கச் சொல்லு" என்றாய். குதித்தான். நாற்காலி அசையவில்லை. எனக்கு அந்தக் கருப்புக் குண்டுகள்தான் கண்ணில் குத்தின. பளபளக்கிற காலில் மீன் வலைச் சாமானைத் தொங்கவிட்டு வைத்தால் அது என்ன அழகு?

காது குத்து அன்று விடியற்காலையில் அதை எல்லாம் அறுத்துப் போட்டேன். மேனேஜர் வீட்டு அம்மா வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பொன்னேரியிலிருந்து போட்டோக்காரர் வேறு வருகிறார்.

நீ சீர்த் தட்டுகளோடு வந்தாய். புது வேட்டி, புதுச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை. யாரும் சொல்லாமலேயே கூடத்து நடுவில் விரித்த பாயில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் விரித்து, இரண்டு தடவை தடவிச் சரிசெய்தாய். கையை நீட்டினாய். "வாடா மருமவனே, மாமன் மடிக்கு."

பிள்ளை என் இடுப்பில் இருந்தான். பட்டுச் சட்டை போட்டிருந்தான். மேனேஜர் வீட்டு அம்மா மூக்குக்கு நேரே கைக்குட்டையை விசிறிக்கொண்டிருந்தார்கள். வெக்கைக்குத்தான் விசிறியிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன் வேட்டியில் மீன் வாடை அடிக்கிறது, அது இந்த அம்மா மூக்குக்கு எட்டிவிட்டது என்று தோன்றியது.

"அண்ணா, பையன் நாற்காலியிலேயே உட்காரட்டும். போட்டோவுக்கு நன்றாக இருக்கும்" என்றேன். நம் பேச்சில் சொல்லவில்லை. மேனேஜர் வீட்டுப் பேச்சில் சொன்னேன்.

கடைசி வீட்டு ஆயாதான் வாயைத் திறந்தாள். "இன்னாடி இது அநியாயம்? மாமன் மடி இருக்கசொல்லோ நாற்காலில வச்சா காது குத்துவாங்க?"

நீ அவளை முடிக்கவிடவில்லை. "இருக்கட்டும் ஆயா. அந்த நாற்காலியும் மாமன் வாங்கியாந்ததுதான? எல்லாம் ஒண்ணுதான்." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாய். எனக்கு நிம்மதியாக இருந்தது அண்ணா. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பிள்ளையை உட்கார வைத்தேன். பத்தர் ஊசியோடு குனிந்ததும் அவன் பயந்து பின்னால் சாய்ந்தான். நாற்காலி ஆடியது. நீ கீழே குறுக்குக் கம்பியைப் பார்த்தாய். குண்டு இல்லை. என்னைப் பார்த்தாய். ஒன்றும் கேட்காமல் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து இரண்டு காலையும் இறுகப் பிடித்துக்கொண்டாய். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் இருந்து தலையை நீட்டி, "அண்ணாத்தே, தல தெரியுது, கொஞ்சம் எறக்கிக்க" என்றார். இறக்கினாய். "இன்னும் கொஞ்சம்." நெற்றி தரையில் படுகிற மாதிரி குனிந்தாய். 'அவரும் படத்தில் இருக்கட்டும், தாய்மாமன் அவர்' என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். வாய் வரவில்லை.

சாப்பிட்டாய், சிரித்தாய், பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தாய். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நான் கூட வந்தேன். மனசு உறுத்தத் தொடங்கியிருந்தது. "அண்ணா, அடுத்த பிள்ளைக்கு உன் மடிதான்" என்றேன். "மடி எங்க போவப் போவுது? இங்கதான கீது" என்று தொடையில் தட்டிக் காட்டிவிட்டுப் பஸ் ஏறினாய்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை. உடம்பு சரியில்லை என்று ஆள் வந்து சொன்னபோது, கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போகிற விஷயம்தானே, சனிக்கிழமை போகலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை வேறு செய்தி வந்துவிட்டது. சனிக்கிழமைக்கு என்று நான் எடுத்து வைத்திருந்த புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தேன்.

காரியம் முடிந்த அன்று அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். "உன் வீட்டுக் காது குத்துக்கு முன்ன மூணு நாளா உங்கண்ணன் மீன் புடிக்கத் தண்ணிக்கே போவல. கேட்டா, 'கம்பெனிக்காரங்க வீடு, தங்கச்சிக்குச் சங்கடமா பூடும்'னுச்சி. தெனம் ரெண்டு வாட்டி சீக்கா போட்டுக் குளிச்சிது. புது வேட்டியைக் கொடியில கூடப் போட வுடல, வாடை புடிச்சிக்கும்னு. ஒரே குஷி, புள்ளைய மடியில வச்சிக்கப் போறன்னு." அவள் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. கூடத்தில் நடந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவளுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு நீ தனியாகத்தானே வந்தாய்? வீட்டுக்குப் போய் நீ ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். பெரியப்பா மகன் பொன்னேரியிலிருந்து வந்து மடியில் வைத்துக்கொண்டான். நல்லவன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊசி இறங்கும்போது பிள்ளையைவிட நான்தான் அதிகமாக அழுதேன். பெற்ற மனசு, தாங்கவில்லை என்று சுற்றி இருந்தவர்கள் சமாதானம் சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

அந்தப் போட்டோ இன்னும் சுவரில் மாட்டியிருக்கிறது. பளபளக்கிற நாற்காலி, பட்டுச் சட்டை, அழுகிற பிள்ளை. நாற்காலியின் ஒரு காலில் நாலு விரல் தெரியும். உன் மருமகன் இப்போது மூன்றாம் வகுப்பு. "இது யாரு கைம்மா?" என்று கேட்டான். "உன் மாமன் கை" என்றேன். "மாமா ஏன் ஒளிஞ்சிக்கினு கீறாரு?" என்றான். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இன்று காலை பால் டப்பாவில் போட்டு வைத்திருந்த ஏழு குண்டையும் எடுத்துக் குறுக்குக் கம்பியில் கட்டினேன். என் முடிச்சு உன் முடிச்சு மாதிரி வரவில்லை, இரண்டு முறை அவிழ்ந்தது. வசந்தா வந்தாள். குண்டுகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "எடுத்துடலாமாக்கா? அடுத்த மாசம் காது குத்து. இதுலயே உக்கார வச்சி போட்டோ எடுக்கலாம்னு கீறேன்."

"குண்டை எடுத்தா நாற்காலி கிடையாது" என்றேன். "காது குத்து அன்னிக்கும் கிடையாது. காலையிலயே வந்து எடுத்துக்கினு பூடுவேன். உனக்குத்தான் கூடப் பொறந்தவன் இருக்கானே?"

"அது இன்னாக்கா... மீஞ்சூர்ல சைக்கிள் கடை வச்சிக்கினு கீது. எப்பப் பாரு கையெல்லாம் கிரீஸு. புள்ளைக்குப் புதுச் சட்டை..."

"வசந்தா, அவன் குளிச்சிட்டுத்தான் வருவான்டி" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரியென்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அண்ணா, அன்றைக்கு உன்மேல் மீன் வாடையே இல்லை. நான்தான் கிட்டே வந்து பார்க்கவில்லை.

உன் பாப்பா