தூண் நிழலில் படுத்திருந்த நாய்

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று தொடங்கத்தான் கை போகிறது, பழக்கம் அப்படி. சித்தி நன்றாக இருக்கிறாள், என்னைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தெம்பாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். உன் கடிதம் வந்தது. நீ வேலை பார்க்கும் மெட்ரோ கண்ட்ரோல் ரூமில் ரயிலெல்லாம் பச்சைப் புள்ளியாகத் திரையில் ஊர்ந்து போகும் என்று எழுதியிருந்தாய், டீக்கடை வரைக்கும் போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன், நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த ரூமே உன் பேரில் பட்டாவாகிவிட்டது.

உங்கள் நாட்டு ரயில் எப்படி என்று கூட இருப்பவர்கள் கேட்கிறார்கள், எழுதுங்கள் சித்தப்பா என்று கேட்டிருந்தாய். என்னை விட்டால் எழுத யார் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நான் நிற்கவில்லை, ஒன்பதாம் வகுப்புதான் என்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிக்கொண்டது. எழுதிக்கொள்ளச் சொல். நம் நாட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்து ஒட்டவைத்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பி, மிச்சத்தில் நம் வீட்டுக்கு வேலியும் போடலாம், அதில் பாதி போல்ட்டு நான் முறுக்கியது. மூணு நாள் ஓடுகிற வண்டி இருக்கிறது, ஏறும்போது சீட்டுக்குச் சட்டையைப் பிடித்தவர்கள் இறங்கும்போது சம்பந்தி பேசி முடித்திருப்பார்கள். இங்கே புதிதாக வந்த மெட்ரோ வேறு ரகம். தானே திறக்கும் கதவு, தானே பேசும் பெண் குரல், ஐஸ் பெட்டிக் குளிர், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பதில்லை. நகரத்துக்கு நடுவில் பூமிக்கடியில் எலி மாதிரி போய், எங்கள் பக்கம் வந்ததும் தூண் மேல் ஏறிக்கொள்ளும். எங்கள் கேங் வேலை செய்யும் பழைய லைனை ஒட்டியே மூணு மைலுக்கு அந்தத் தூண்கள்தான், கீழே வெயிலில் நாங்கள் ஜல்லி இடித்துக்கொண்டிருப்போம், தலைக்கு மேல் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் அது போகும். இந்த வருஷத் தொடக்கத்தில்தான் ஓட ஆரம்பித்தது.

அந்த இடத்தில்தான் போன மாதம் ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு நம் மீசை செத்துப்போனான். நீ லீவில் வந்தபோது உன் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தானே, அவன்தான். எப்படி என்று உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். லைனில் வேலை நடந்தால் இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் கொடியும் விசிலும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், வண்டி வந்தால் ஊத வேண்டும், அதுதான் விதி. எங்கள் கேங்கில் பதினோரு வருஷமாக நான் ஒருத்தன்தான் நின்றேன். என் காதுக்கு நாலு மைல் கேட்கும், ரெண்டாவது ஆளுக்குக் கடப்பாரையைக் கொடு என்று மேஸ்திரியிடம் நானே சொன்னது. ஆள் பற்றாத கேங், அவரும் சரி என்றுவிட்டார். நீ என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போன அன்றைக்கே கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஸ்டோரில் உட்கார்ந்து ஸ்பேனர் எண்ணுகிறேன் என்று ரெண்டு வருஷமாக உனக்கு எழுதியதெல்லாம் புளுகு, கண்ணு. கொடி என்னிடம்தான் இருந்தது. வலது காதில் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி ஆனபிறகு நான் கேட்டு ஊதவில்லை, பார்த்து ஊதினேன். எங்கள் கேங்கோடு ஒரு நாய் சுற்றும், வண்டி வளைவுக்கு அந்தப்பக்கம் இருக்கும்போதே தலையைத் தூக்கும், அது தூக்கினால் நான் விசிலை ஊதுவேன். யோவ் ரேடியோ, உன் காதை அறுத்து ஸ்டேஷனில் மாட்டணும்யா என்று மீசை சிரிப்பான், நானும் மார்பை நிமிர்த்திக்கொள்வேன். மெட்ரோ வந்தபிறகு முதல் வாரம் நாய் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து நின்றது. மூணு மாதத்தில் அதற்குச் சலித்துவிட்டது. தூண் நிழலில் படுத்தால் தலைக்கு மேல் எது போனாலும் அசையாது. அன்றைக்கு மேலே மெட்ரோ போகும் நேரம் பார்த்துக் கீழே பெட்டி எதுவும் இல்லாமல் ஒரு எஞ்சின் மட்டும் தனியாக வந்தது, என் வலது பக்கமாக. ஹாரன் அடித்ததாம். மற்ற அஞ்சு பேரும் குதித்துவிட்டார்கள். மீசை மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் வாயில் விசில் இல்லை. அப்படியென்றால் அது மெட்ரோ சத்தம் என்று நினைத்து மறுபடியும் குனிந்துவிட்டான்.

இப்போது விசாரணை நடக்கிறது. ஒரே ஆளை நிறுத்தியதற்கு மேஸ்திரியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், மற்ற அஞ்சு பேர் தப்பித்ததால் நான் ஊதியிருப்பேன் என்று முடிவு கட்டி, விசில் ஊதியும் இறந்தவர் கவனிக்கவில்லை என்று மீசை பேரிலும் எழுதப்போகிறார்கள், அப்படி எழுதினால் அவன் பெண்ணுக்கு அவன் வேலை கிடைக்காது. நான் போய் நின்று, ஐயா நான் ஊதவில்லை, எனக்குக் காது கேட்காது, நாயைப் பார்த்துத்தான் ஊதிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எழுதுகிற கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டான். அதிகாரி என் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார், வருஷா வருஷம் காது நன்று, காது நன்று என்று ரயில்வே டாக்டர் கையெழுத்து. அவர் வருஷம் தவறாமல் அதே மூணு வார்த்தையைத்தான் மெல்லச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார், நான் உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இப்போது சோதித்துப் பாருங்கள் என்றேன். இன்றைக்குக் கேட்கவில்லை என்றால் அன்றைக்கும் கேட்கவில்லை என்று ஆகுமா, நடிக்கக்கூட நடிப்பாய் என்றார். வெளியே வந்ததும் மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்யா, எனக்காக இந்தக் கதையையும் கட்டாதே என்றார். மகளே, முப்பது வருஷம் நான் விட்டதையெல்லாம் நம்பிய மனுஷன் அவர்.

நீ கூட்டிப்போன காது டாக்டர் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். அவர் கொடுத்த காகிதம் உன்னிடம் இருக்கிறது, கோடு படிப்படியாகக் கீழே இறங்குமே, தேதி போட்டு முத்திரை குத்தியது. யார் கண்ணிலும் படக்கூடாது, கடல் தாண்டிக் கொண்டுபோய்விடு என்று நான்தான் உன் பெட்டிக்குள் திணித்தேன். அது வேண்டும். படம் எடுத்து அனுப்பினால் ஏற்கமாட்டார்களாம், காகிதமே வரவேண்டும், இருபத்தெட்டாம் தேதிக்குள். வந்தால் என் வேலை போகும், கேஸும் வரும், சித்தியிடம் சொல்லிவிட்டேன். மூணாம் நாள் அவளே உன் விலாசம் எழுதிய உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கொடி உங்களிடம் இல்லையே என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய், அதற்கு நீ என்னை எவ்வளவு திட்டினாலும் தகும், திட்டை அடுத்த தபாலில் அனுப்பு, காகிதத்தை இன்றைக்கே அனுப்பு.

நீ நீடூழி நல்லபடியாக இருக்க வேண்டும், உன் திரையில் எந்தப் புள்ளியும் அணையாமல் இருக்க வேண்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. காகிதத்தோடு சித்தப்பா நல்லவர், என்னை வளர்த்தவர் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதிவிடாதே. இதுவரை நான் சேர்த்ததே போதும்.

உன்னை வளர்த்த
சித்தப்பா