வாப்பாவின் இருமல்

1966 மே 9
றஹீமா இன்றும் ஓதப் பள்ளியிலிருந்து அழுதுகொண்டுதான் வந்தாள். கண்ணை வெட்டி வெட்டித் தோளைக் குலுக்குகிறாளாம், பிள்ளைகள் கேலி பண்ணுகிறார்கள். கண்ணூறு கழித்தாயிற்று, தண்ணீர் ஓதிக் கொடுத்தாயிற்று. நபி பிறந்தநாள் மீலாத் மேடையில் குர்ஆன் கிறாஅத் ஓத, ஓதிக்கொடுக்கும் லெப்பை இவளைத்தான் தெரிவு செய்திருக்கிறார். அவள் வாப்பாவோ, "ஊர் முன்னால கண்ண வெட்டிக்கிட்டு நிக்கவா? வேணாம்" என்று ஒரே பிடி. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன ஆசை?

மே 11
புது ஏற்பாடு. றஹீமா கண்ணை வெட்டினால் இவர் இருமுவார், அவள் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் ஏசாமல் திருத்த இவர் கண்டுபிடித்த வழி! சாப்பாட்டு நேரம் முழுக்க இருமல்தான். சளியாக்கும் என்று பக்கத்து வீட்டு மஸீனா கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் மறுபேச்சில்லாமல் குடித்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

மே 24
கண்டிக்கு ரயிலில் போனோம். பிள்ளைகளின் மனநிலையைப் பார்க்கும் டாக்டர் அம்மா. ஊசி இல்லை, மருந்து இல்லை. றஹீமாவைப் படம் கீறச் சொல்லிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம் — இவர் இருமினார். தோள் குலுங்கியது. மறுபடி இருமினார், கண்ணும் சேர்ந்துகொண்டது. டாக்டர் இவரை வெளியே அனுப்பிவிட்டு அவளை ஓதச் சொன்னார். முடியும்வரை கண் வெட்டவே இல்லை! எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் வேண்டுமென்று செய்யவில்லையாம். சொல்லச் சொல்லத்தான் கூடுமாம். கவனிக்காமல் இருங்கள், மேடையில் ஓத விடுங்கள் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டதற்கு இவர், "எங்க பரம்பரையிலயே இல்ல."

மேடைக்கு மட்டும் இவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

மே 30
கண் வெட்டு இருக்கிறது. இருமல் இல்லை. வீடு எவ்வளவு அமைதி!

ஜூன் 5
நாவுலயிலிருந்து இவருடைய கூடப்பிறந்த லாத்தா, ஸரீனா மதினி, கத்தரிக்காயோடு வந்தா. கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தா. "பரம்பரையில இல்லயாமா? இவன் சின்னதுல கழுத்த இழுத்து இழுத்து வெட்டுவான். ஓணான்னுதான் நாங்க கூப்பிடுவோம். வாப்பாக்கிட்ட எவ்வளவு அடி வாங்கினான்!"

இவர் முகம் செத்துப்போயிற்று. எழுந்து கடைக்குப் போய்விட்டார். பாவம். அந்த அடியெல்லாம் இன்னும் வலிக்கிறதா?

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து றஹீமாவை மடியில் வைத்துக்கொண்டார். "ஓணான் எப்படிச் செய்யும் தெரியுமா?" கழுத்தை வெட்டிக் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பு! பிறகு மெதுவாகக் கேட்டார்: "மீலாதுக்கு என்ன நெறத்துல சட்ட வேணும்?"

ஜூலை 2
நேற்று மீலாத். திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பச்சைச் சட்டையில் றஹீமா. ஏறும்போது கண் வெட்டியது, எனக்கு உயிரே இல்லை. ஓதத் தொடங்கினாள் — அவ்வளவுதான், சபையே அடங்கிவிட்டது. அவளிடம் ஓர் அசைவு இல்லை.

அசைந்ததெல்லாம் முன்வரிசையில் இருந்த இவர்தான்! கழுத்து ஒரு பக்கம் வெட்டுகிறது, நிற்கிறது, மறுபடி வெட்டுகிறது. இவருக்குத்தான் பயம்.

ஓதி முடித்தவள் நேரே வாப்பாவிடம் போய் நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சத்தமாக ஓர் இருமல் இருமினாள்.