மிளகு உட்காரும் இடம்

நாள் 49 — 07:40

செவ்வாய்க் கோள், குகைத் தங்குமிடம். நாள் கணக்கு குட்டிகள் பிறந்ததிலிருந்து. எழுதுபவர் மாசிலாமணி, கால்நடை மருத்துவர், வயது எழுபத்தொன்று. இதைக் கண்டெடுப்பவர் எண்களை எடுத்துக்கொள்ளலாம். என் கருத்துகளை ஒதுக்கிவிடலாம்.

சுக்கு (ஆண்): 3.9 கிலோ. மிளகு (பெண்): 3.4 கிலோ. மலம் இரண்டுக்கும் இறுக்கம். சிப்பிப்பாறை நாயின் கலப்பு. உறைந்த கருவாகப் பூமியிலிருந்து வந்து, இங்கே கருப்பை எந்திரத்தில் பிறந்தவை. தாய் இல்லை.

முதல் குழுவினர் ஐந்து பேரும் போன முறை வந்த விண்கலத்தில் ஊர் திரும்பிவிட்டார்கள். கலம் எழும்பும் வேகத்தை என் இதயம் தாங்காது என்பதால் நான் தங்கிவிட்டேன். அடுத்த கலம் வர எண்பத்துநான்கு நாள். அதில் பதினெட்டுப் பேர்.

குட்டிகளின் வேலை: இங்குள்ள குளிர்விக்கும் குழாய்களில் அம்மோனியா ஓடுகிறது. கசிந்தால் சொல்ல வேண்டிய கருவிகளைச் செந்தூசி அடைத்துவிடுகிறது. எனக்கு மோப்பம் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஆகவே நாய் மோந்து, கசியும் இடத்தில் உட்கார வேண்டும். நான் ‘ஆச்சு’ என்று சொல்லும்வரை எழக் கூடாது. கீழே எந்திரப் பகுதிக்கு ஒன்று, மேலே குடியிருப்புக்கு ஒன்று. இரண்டும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேறாத விலங்குக்குக் காற்று ஒதுக்கீடு இல்லை என்பது விதி. அந்த வாக்கியத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

நாள் 52 — 10:05

பிரிக்கும் பயிற்சி தொடக்கம். கையேடு, நான்காம் அத்தியாயம்: ஓர் ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்து வளர்க்கையில் படுக்கை, உணவு, பயிற்சி மூன்றையும் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றுக்கு மற்றதே உலகமாகிவிடும். வளர்ப்பவர் சோறு வைக்கும் ஆளாக மட்டும் மிஞ்சுவார்.

அந்த அத்தியாயத்தை எழுதியவன் நான்.

சுக்கு சமையலறையில், மிளகு கிடங்கில். 4-ஆம் நிமிடம் மிளகு ஊளை. 9-ஆம் நிமிடம் சுக்கு கதவின் மேல் பாயத் தொடங்கியது. இங்கு எடை குறைவு என்பதால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் என் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி, மெதுவாக இறங்கியது. 11-ஆம் நிமிடம் வாந்தி. 14-ஆம் நிமிடம் கதவைத் திறந்துவிட்டேன்.

அறிக்கையில் எழுதியது: பிரிப்பு, 20 நிமிடம்.

வகுப்பில் மாணவர்கள் இப்படி எழுதினால் கோடு அடித்துத் திருப்பிக் கொடுத்திருப்பேன். நாளை சரிசெய்துவிடலாம்.

நாள் 66 — 16:20

நாளை என்று எழுதியதற்குப் பின் பதினான்கு நாள். பிரிக்கவில்லை. ஒரே பாயில் உறங்குகின்றன. ஒன்றின் காதை மற்றது வாயில் வைத்துக்கொண்டுதான் உறக்கம்.

மற்றபடி பயிற்சி நன்றாக நடக்கிறது. மூன்று டப்பாக்கள், ஒன்றில் மட்டும் அம்மோனியா ஒரு துளி, பலமடங்கு நீர்த்தது. சரியான டப்பாவின் முன் உட்கார்ந்தால் நெத்திலிக் கருவாட்டில் கால் துண்டு. இன்று இருபது முறையில் பத்தொன்பது சரி. இரண்டும்.

வந்துகொண்டிருக்கும் கலத்தின் தலைவி செண்பகவல்லி பேசினார். குட்டிகளுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். குரல் போய்ச்சேர மூன்று நிமிடம் ஆகிறது.

“என்ன வாத்தியாரே, பிள்ளைக ரெண்டும் சொகமா? இங்க ஒரே பேச்சு. சுக்கு இருக்கு, மிளகு இருக்கு, திப்பிலி எங்கன்னு கேக்காக. நீங்கதான் திப்பிலின்னு முடிவு பண்ணிட்டோம். கோவிச்சுக்கிடாதீக.”

பின்னால் பலர் சிரித்தார்கள்.

என் பதில்: “கோவமெல்லாம் இல்லம்மா. ரெண்டும் ஒழுங்கா சாப்பிடுது.”

திப்பிலி இல்லாமல் கஷாயம் ஆகுமா என்று கேட்டிருக்கலாம். நாற்பது நிமிடம் கழித்துத்தான் தோன்றியது.

நாள் 93 — 11:50

சுக்குவுக்கு வயிற்றுப்போக்கு. கையுறையின் ரப்பரைத் தின்றிருக்கிறது. அதனால் மிளகை மட்டும் டப்பாக்களுக்கு அழைத்துப்போனேன்.

இருபது முறை. சரி: பூஜ்யம்.

தவறாகக்கூட உட்காரவில்லை. ஒவ்வொரு முறையும் டப்பாக்களைத் தாண்டி இடப்பக்கம் பார்த்தது. அங்கேதான் சுக்கு நிற்கும்.

14:30

பயிற்சியின் ஒளிப்பதிவுகளை எல்லாம் திரும்பப் பார்த்தேன். சுக்கு மோக்கிறது, உட்காருகிறது. சற்றுப் பின்னால் மிளகு உட்காருகிறது. சராசரி இடைவெளி 0.6 நொடி. மிளகு ஒருமுறைகூட முந்தவில்லை. பல தடவை மூக்கைக் கீழே கொண்டுபோகவே இல்லை.

நாற்பத்தொரு நாள் ஒரு நாய்க்கு அம்மோனியாவையும், இன்னொரு நாய்க்கு முதல் நாயையும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பட்டியலில் எல்லா எண்களும் உண்மை. எதையும் நான் மாற்றி எழுதவில்லை. அதுதான் வெட்கமாக இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்கவில்லை.

நாள் 95 — 09:15

“வாத்தியாரே, மேலிடத்துல இருந்து படிவம் கேக்காக. ஒத்த வார்த்தையில சொல்லுங்க. ரெண்டும் தனித்தனியாத் தேறிருச்சா?”

அந்தக் கேள்வியை மூன்று முறை போட்டுக் கேட்டேன். இல்லை என்று சொன்னால் அடுத்து என்ன ஆணை வரும் என்று தெரியும். ஊசியை எந்த அலமாரியில் வைத்திருக்கிறேன் என்றும் தெரியும். மிளகு என் செருப்பின் மேல் தலைவைத்துப் படுத்திருந்தது. என்மேல் பிரியத்தினால் அல்ல. செருப்புக்கு அந்தப் பக்கம் சுக்கு படுத்திருந்தது.

“தேறிடுச்சும்மா” என்றேன்.

“அப்பாடா. வயித்துல பால வார்த்தீக. எங்க ஆளுக பாதிப் பேரு உங்க நாய நம்பித்தான் உறங்கப் போறாக.”

நாள் 110 — 17:00

சொன்னதை உண்மையாக்க முயல்கிறேன். தினமும் நான்கு வேளை பிரிப்பு. அலறும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். உணவுத் தட்டுகள் வெவ்வேறு அறைகளில். பாய்கள் வெவ்வேறு அறைகளில். என் முழங்கால்கள் இரண்டு அறைகளுக்கும் போதவில்லை. உட்கார்ந்தால் எழ மனம் வருவதில்லை. குளித்து ஒன்பது நாள் ஆகிறது.

மிளகு இப்போது 35 நிமிடம் அழாமல் இருக்கிறது. தனியாக டப்பாக்கள்: இருபதில் ஒன்று சரி. ஒன்று தற்செயலாக இருக்கலாம். இருக்கும்.

நாள் 131 — 13:10

வரிசையாக எழுத முயல்கிறேன்.

10:40. மிளகைச் சமையலறையில் கட்டிவிட்டு, சுக்குவை மட்டும் கீழே எந்திரப் பகுதிக்கு அழைத்துச் சென்றேன். கையேடு சொல்வதுபோல. எந்திரப் பகுதியில் முதல் முறையாகக் கையேடு சொல்வதுபோல.

10:52. மூன்றாம் பம்ப்புக்கு அருகில் சுக்கு உட்கார்ந்தான். டப்பா இல்லை, பயிற்சி இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான், கருவாடு எங்கே என்பதுபோல.

10:53. குழாயின் இணைப்பு வெடித்தது. வெள்ளையாகப் பீறிட்டது. கண் எரிந்தது. நான் ஓடினேன். என்னால் ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. கதவு தானாக மூடிக்கொள்ள ஒன்பது நொடி. நான்காவது நொடியில் வெளியே வந்துவிட்டேன்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுக்கு உட்கார்ந்திருந்தான். தலையைக் குனிந்து முன்காலால் மூக்கைத் தேய்த்தான். ஆனால் எழவில்லை.

‘ஆச்சு’ என்று நான் சொல்லவில்லை. ஒரு சொல். அவன் காலுக்கு ஐந்து நொடி தாராளம். பயத்தில் எனக்கு வாய் வரவில்லை. கதவு மூடியபின் அந்தச் சொல்லைக் கத்தினேன். எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளவில்லை.

நாள் 132 — 08:30

எந்திரப் பகுதி அடைபட்டுவிட்டது. விண்ணுடைகளும் முகமூடிகளும் அதற்குள்தான். குடியிருப்பில் கருவிகள் கசிவு இல்லை என்று காட்டுகின்றன. நேற்று கீழேயும் அப்படித்தான் காட்டின.

மிளகு கீழ்க் கதவின் முன் உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடவில்லை. தண்ணீர் சிறிது.

நாளை கலம் இறங்கி, குடியிருப்புடன் இணைந்து, பதினெட்டுப் பேரும் உள்ளே வர வேண்டும். நடந்ததைச் சொன்னேன். இப்போது குரல் உடனே போய்விடுகிறது.

“ஐயோ, சுக்குப் பயலா... சரி, நீங்க மனசத் தளர விடாதீக வாத்தியாரே. மிளகு இருக்கால்ல. அவ மேல குடியிருப்ப ஒரு சுத்துச் சுத்திப் பாக்கட்டும். அவ சொன்னா எறங்கிருவோம்.”

“அவ சொல்ல மாட்டாம்மா. அவளுக்குத் தெரியாது.”

“என்ன தெரியாது?”

“மோந்து உட்காரத் தெரியாது. அவன் உட்கார்ந்தா இவ உட்காருவா. அவ்வளவுதான். நான்தான் தேறிடுச்சுன்னு... பொய் சொல்லிட்டேன்.”

“பதினெட்டு பேரு வாத்தியாரே. அதுல ரெண்டு பேரு புள்ளத்தாச்சி. உங்களத் திட்டக்கூட எனக்கு வாய் வரல.”

தொடர்பைத் துண்டித்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

நாள் 133 — 06:15

மிளகு கீழ்க் கதவை விட்டு எழுந்தாள். நான் அழைக்கவில்லை. கூடத்துக்கு வந்தாள். சுவரோரமாக மூக்கை வைத்துக்கொண்டே நடந்தாள். காற்றுப் போக்கியின் வலைக்குக் கீழே, என் நாற்காலிக்குப் பக்கத்தில், உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

முதலில் தோன்றியதை எழுதிவிடுகிறேன். இருந்தது நான் ஒருவன்தான், கடைசியில் என்னிடம் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். முழுதாக ஒரு நிமிடம் மகிழ்ச்சியாக இருந்தேன்.

பிறகு, சோதிக்க வேண்டும் என்று தோன்றியது.

06:22. ‘ஆச்சு’ என்றேன். கிடங்குக்கு அழைத்துப்போனேன். என் காலடியில் நின்றாள். உட்காரவில்லை. திரும்பக் கூடத்துக்கு: வலைக்குக் கீழே உட்கார்ந்தாள்.

06:31. நாற்காலியை எதிர்ச் சுவருக்கு மாற்றி, அதில் உட்கார்ந்துகொண்டேன். என்னைக் கடந்து போனாள். வலைக்குக் கீழே உட்கார்ந்தாள்.

06:40. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லாத கூடத்தில், வலைக்குக் கீழே உட்கார்ந்தாள்.

மூன்றுக்கு மூன்று. என்னிடம் வரவில்லை. இடத்திடம் வந்தாள். அம்மோனியா குடியிருப்புக்குள் வந்துவிட்டது.

மிளகு தேறிவிட்டாள். நெத்திலி ஒன்று, முழுதாக.

06:55

“எறங்காதீங்கம்மா. உள்ள கசிவு இருக்கு. மிளகு உட்கார்ந்துட்டா.”

“நேத்துதான் அதுக்குத் தெரியாதுன்னீக. இன்னிக்கு அது உக்காந்துச்சுன்னு பதினெட்டு பேர நிறுத்தச் சொல்லுதீக. எதத்தான் நான் நம்ப?”

“என்னை நம்ப வேண்டாம். ஒளிப்பதிவு அனுப்புறேன். மூணு தடவை, மூணு விதமா. நான் இல்லாத அறையிலயும் உட்கார்ந்திருக்கா. நீங்களே பாருங்க.”

பதினொரு நிமிடம் கழித்து: “பாத்துட்டேன். எல்லாரும் பாத்தாச்சு. எறங்குறதத் தள்ளி வச்சாச்சு. முகமூடியும் வடிகட்டியும் சரக்குக்கு அடியில கெடக்கு, தோண்டி எடுக்கணும். இன்னொரு சுத்து வந்துதான் எறங்க முடியும். இருவத்தேழு மணி நேரம். நீங்க வாசல் அறைக்குப் போயிருங்க. தாங்குவீகளா?”

“பார்க்கலாம்மா.”

“திப்பிலி,” என்றார். “கெட்டியாப் புடிச்சுக்கிடுங்க.”

07:20

வெளிக்கதவுக்கும் உட்கதவுக்கும் நடுவிலுள்ள வாசல் அறைக்குள் வந்து கதவை அடைத்துவிட்டோம். இதற்குத் தனிக் காற்று உருளை உண்டு. ஓர் ஆளுக்கு முப்பது மணி நேரம். ஆளும் குட்டியும் என்றால் இருபத்தைந்து. தேவை இருபத்தேழு. மெதுவாக மூச்சுவிடும் கிழவனுக்குக் கையேட்டில் அளவு கொடுக்கப்படவில்லை. என் கணக்கில் பிழை இருக்கக்கூடும். பெரும்பாலும் இருக்கும்.

குட்டியை வெளியே விட்டுவிட்டால் கணக்கு சரியாக வரும் என்று செண்பகவல்லிக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

12:45

தலைவலி. பேசுவதைக் குறைக்க வேண்டும். மிளகு மடியில். 9.1 கிலோ என்று நேற்றைய குறிப்பு. இங்கு மூன்றரைக் கிலோவாகத்தான் கனக்கிறாள். உறக்கத்தில் கால்களை ஓட்டுகிறாள்.

கண்டெடுப்பவருக்கு: கீழ்க் கதவைத் திறக்காதீர்கள். பையனை அங்கேயே இருக்க விடுங்கள். மிளகு உயிரோடிருந்தால், அவள் உட்காரும் இடத்தை நம்புங்கள். நம்பியபின் ‘ஆச்சு’ என்று சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள். மறந்துவிடாதீர்கள்.

17:50

உறங்கிவிட்டேன். எவ்வளவு நேரம்

மிளகு மடியில் இல்லை. எழுந்து, குடியிருப்பைப் பார்த்த உட்கதவுப் பக்கம் போயிருக்கிறாள். அடிவிளிம்பை மோக்கிறாள். கூப்பிட்டேன். காதை மட்டும் திருப்பினாள்.

18:05

அதே இடம். விளிம்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மோந்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து. பின்னங்கால்கள் ஒருமுறை மடங்கின. உட்காராமல் நிமிர்ந்துவிட்டாள்.

18:30

நிற்கிறாள்.

18:41

இன்னும் நிற்கிறாள்.