முன் சக்கர ஹப் மாற்றியாயிற்று, மாப்பிள்ளை

பாசமுள்ள மாப்பிள்ளை கதிர்வேலுக்கு,

முதலில் உங்களுக்குப் பிடித்த சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் ரேஸ் காருக்கு முன் சக்கரம் இரண்டிலும் புது ஹப் போட்டாயிற்று. சக்கரத்தைத் தாங்கிச் சுழல்கிற அந்த இரும்புக் குடத்தை மாற்ற வேண்டும் என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள்! "பழசே போதுங்க, நான் பாத்துக்கறேன்" என்று நான் எத்தனை தடவை தட்டிக் கழித்தேன்! இப்போது போட்டிருப்பது கனமானது. உள்ளே பேரிங் பெரிசு, சக்கரத்தை மாட்டுகிற போல்ட்டும் நீளம். கோயம்புத்தூரில் சொல்லிவைத்துக் கடைந்து வாங்கினோம். கண்ணில் பட்டிருந்தால் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். சங்ககிரியில் லாரி ஆக்சில் பட்டறை வைத்திருப்பவனுக்குப் பேனா எதற்கு? ஆனால் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை நாலு பேர் படிக்கிற இடத்தில் ஒத்துக்கொள்வதுதான் முறை என்று பட்டது.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் உங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கூச்சப்படாதீர்கள். நாமக்கல்லில் கோழித்தீவனக் கடை வைத்திருந்த மனிதர். வாரம் முழுக்கத் தவிட்டுத் தூசியில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் போனவர். என் ஒரே தங்கை மகேஸ்வரியின் வீட்டுக்காரர். பெண் கேட்டு வந்தபோது, "ரேஸ் ஓட்டறவனுக்கா குடுக்கறது?" என்று வீட்டில் குதித்தவன் நான்தான்.

கல்யாணம் முடிந்து விருந்துக்கு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இலை போட்டு எல்லாரும் காத்திருக்க, நீங்கள் பட்டறையில் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து லாரி ஹப்புக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தீர்கள். வெள்ளை வேட்டியெல்லாம் கறுப்பு. மாப்பிள்ளை முறுக்கு என்பது உங்களிடம் மருந்துக்கும் கிடையாது. அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன்.

நீங்கள் ஓட்டுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். மற்றவர்கள் வளைவில் டயரைக் கதறவிடுவார்கள். நீங்கள் முட்டை வண்டி ஓட்டுகிற மாதிரி ஓட்டுவீர்கள், ஒரு முட்டைகூட உடையாத மாதிரி. ஆனால் சுற்று முடியும்போது முன்னால் நிற்பது நீங்களாகத்தான் இருக்கும். ஜெயித்து இறங்கியதும் யார் வந்து கை கொடுத்தாலும், "வண்டி எங்க மச்சான் கையிங்க" என்று என்னை முன்னால் தள்ளுவீர்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கடையில் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று, நீங்கள் போன அன்று மத்தியானம் போன் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடினேன். இந்த வருஷம் பொங்கல் கழிந்து மகேஸ் வந்தாள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, இத நான் ஓட்டறேன்."

"நீயா? வெளையாடறயா அம்முணி?"

"அவரு எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்து ஏழு வருசம் ஆச்சு. உனக்குத்தான் தெரியாது. நீ வண்டியத் தயார் பண்ணிக் குடு, போதும்."

உங்கள் இருவருக்கும் இடையில் எனக்குத் தெரியாதது எத்தனை இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. கத்தினேன், கெஞ்சினேன். அவள் அசையவில்லை. கடைசியில் முன் பேரிங்கை மாற்றி, வண்டியை லாரியில் ஏற்றி, கோயம்புத்தூர்ப் பக்கத்து ரேஸ் தளத்துக்குப் பயிற்சி ஓட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய் இறக்கினேன்.

அவள் உங்களைப் போலவே ஓட்டுகிறாள், மாப்பிள்ளை. முதல் ஆறு சுற்றும் நான் வாய் பிளந்து பார்த்தேன். ஏழாவது சுற்றில் கையை வெளியே நீட்டிக்கொண்டு மெதுவாக ஓரம் கட்டி வந்தாள். முகத்தில் ரத்தமில்லை. "பிரேக்க மிதிச்சா பெடல் அடி வரைக்கும் போவுதுணா" என்றாள். ஜாக்கி வைத்துத் தூக்கி வலது முன் சக்கரத்தை ஆட்டினேன், லொடலொடவென்று ஆடியது. பேரிங் விட்டுப்போய் ஹப் ஆடியிருக்கிறது. ஹப் ஆட ஆட, பிரேக் பேடெல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பெடல் வெறுமனே அடிவரை இறங்கியிருக்கிறது. நேர்ப் பாதையில் முழு வேகத்தில் அது நடந்திருந்தால்?

புதுசாகப் போட்ட பேரிங் ஒரே நாளில் போகுமா? ஹப் பழசு, தேய்ந்துவிட்டது, அதனால்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். நீங்கள் கேட்டுக் கேட்டு நான் போடாத புது ஹப்பை அப்படித்தான் வாங்கினோம்.

போன மாசம் பட்டறையில் மாட்டினேன். மகேஸும் கூட இருந்தாள். பேரிங்கை அழுத்துகிற பிரஸ்ஸில் வைத்து இறக்கி, ஹப்பைப் பொருத்தி, ஆக்சில் முனையில் பெரிய நட்டைப் போட்டு இறுக்கினேன். பிறகு வழக்கம்போல நட்டைக் கால் திருப்பு பின்னுக்குத் தளர்த்திவிட்டேன். ஒற்றை விரலால் தட்டினால் ஹப் தானாகச் சுற்ற வேண்டும், அதுதான் எங்கள் கணக்கு. சங்ககிரியில் எந்தப் பட்டறையிலும் அப்படித்தான். லாரி பேரிங்குக்குக் கொஞ்சம் இடம் விடாவிட்டால் சரக்கோடு மலை ஏறும்போது சூட்டில் வெந்துபோகும். முப்பது வருஷமாக இந்தக் கை இறுக்கும், விடும். அதற்கு என்னைக்கூடக் கேட்க வேண்டியதில்லை.

"அண்ணா" என்றாள் மகேஸ். "அந்தக் கால் திருப்பு விடக் கூடாது."

"ஏன்?"

"காருக்கு அப்படியில்ல. காரு பேரிங்கு வேற மாதிரி. அந்த நட்டு இறுக்கிப் புடிச்சிருந்தாத்தான் உள்ள இருக்கறது ஒண்ணா நிக்கும். விட்டா ஆட ஆரம்பிச்சுரும்."

"யார் சொன்னது?"

அவள் காரின் பின்பக்கத்தைத் திறந்து, துணி சுற்றிய ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். டார்க் ரெஞ்ச். சொன்ன அளவுக்கு இறுகியதும் 'டிக்'கென்று சத்தம் கொடுக்குமே, அந்த ஸ்பேனர். "அவரு" என்றாள்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. ஒவ்வொரு பந்தயத்திலும் நான் வேலையை முடித்துக் கை துடைத்ததும், "மச்சான், டீ சொல்லிட்டு வாங்களேன்" என்பீர்கள். நான் போவேன். நட்டு கழலாமல் குத்தியிருக்கிற பின்னை நீங்கள் கழற்றி, நட்டை முழு இறுக்கம் இறுக்கி, மறுபடி பின் போட்டுவிடுவீர்கள். இறுக்கும்போது சக்கரம் சுற்றாமல் நிற்க யாராவது பிரேக்கை மிதிக்க வேண்டுமே! "நாந்தாண்ணா உள்ள உக்காந்து மிதிப்பேன்" என்றாள் என் தங்கை.

ஆறு வருஷம், மாப்பிள்ளை! மூன்று டம்ளர் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கூமுட்டை ஆறு வருஷம் நடந்து வந்திருக்கிறான். கழற்றும்போது நட் அவ்வளவு இறுக்கமாக இருப்பதைப் பார்த்து, சூட்டில் பிடித்துக்கொண்டது என்று உங்களுக்கே விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன். நீங்களும் "ஆமாங்க மச்சான்" என்று தலையாட்டியிருக்கிறீர்கள்!

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னாள்: "மச்சான் கை லாரிக்குன்னே பொறந்த கை. ஆயிரம் லாரிய மலை ஏத்தி எறக்கியிருக்குது. அந்தக் கையப் போயி தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது மகேஸு. நம்ம காருதான் அதுக்கு ஒத்துவரல. நாம சரி பண்ணிக்கலாம்."

ஒரு மனிதனின் பெருமையைக் காப்பாற்றுவதற்காக ஒவ்வொரு பந்தயத்திலும் மண்ணில் மண்டி போட்டிருக்கிறீர்கள். பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை ஒரு குற்றம் சொன்னால் கைகட்டிக் கேட்டுக்கொள்கிற ஊர் இது. நீங்கள் அதட்டியிருந்தால்கூட நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். உங்களுக்கு அது தோன்றவே இல்லை. உங்களைப் போல ஒருத்தரை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை.

ஆனால் ஒன்று, உங்களிடம் சண்டையும் போட வேண்டும். நீங்கள் என்றைக்காவது ஒரு நாள் மறந்திருந்தால்? நீங்கள் போன பிறகு அந்த நட்டை யார் இறுக்குவார்கள் என்று நினைத்தீர்களா? பயிற்சி ஓட்டத்தன்று இவளாவது சொன்னாளா? அதையும் கேட்டேன். "சொல்லோணும்னுதான் வந்தேன். உம்மூஞ்சியப் பாத்ததும் வரல. ஒரு தடவதானேன்னு ஏறிட்டேன்" என்றாள். என் முகம் வாடக் கூடாது என்று, ஆடப்போகிற சக்கரம் என்று தெரிந்தே ஏறி உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம்தானே அது? கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள்மேல் கோபமா, உங்கள்மேலா, என் கைமேலா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாம் நாள் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பந்தயம். கோயம்புத்தூரிலிருந்து வேறொரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். இனி அந்தக் காரை நான் தொடுவதில்லை என்று முடிவு. அவர் ரெஞ்சை எடுத்துக்கொண்டு சக்கரத்துப் பக்கம் போனபோது, பெல்ட் மாட்டி உள்ளே உட்கார்ந்திருந்த மகேஸ் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"மெக்கானிக்கு வேண்டாம். நீ முறுக்கு."

"வேண்டாம் சாமி. என் கைய நம்பாத."

"நீ முறுக்குனாத்தான் வண்டி கெளம்பும். இல்லீன்னா எறங்கி ஊட்டுக்குப் போலாம்."

மண்டி போட்டேன். அவள் பிரேக்கை மிதித்தாள். வலது பக்க நட்டில் ரெஞ்சைப் போட்டு முறுக்கினேன். டிக். இடது பக்கம் போனேன். டிக். கை தானாகப் பின்னுக்குத் திருப்பப் பார்த்தது, மாப்பிள்ளை, சத்தியமாக. பல்லைக் கடித்துக்கொண்டு ரெஞ்சை எடுத்துவிட்டேன். "வந்து ஒருக்கா சரி பாத்துரு" என்றேன். அவள் நேராகப் பாதையைப் பார்த்தபடி, "நான் பாக்க மாட்டேன்" என்றாள். ஹெல்மெட்டுக்குள் அவள் கண் கலங்கியிருந்தது.

எல்லாச் சுற்றும் ஓட்டினாள். நாலாவதாக வந்தாள். பெடல் கடைசிவரை கல்லாக நின்றது.

இதை நான் ஒளித்துவைக்கப் போவதில்லை. அங்கேயே, வண்டியைச் சுற்றி நின்றவர்கள் "ஹப் யார் மாட்டியது?" என்று கேட்டபோது, ஆறு வருஷம் தப்பாக மாட்டியவன் நான், அதைச் சரி செய்தவர் என் மாப்பிள்ளை என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அப்படியே சிரித்திருந்தாலும் சிரிக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஒவ்வொரு பந்தயத்திலும் நானே இறுக்குவேன். இறுக்கிய பிறகு பெல்ட்டைக் கழற்றி அவளை இறங்கச் சொல்லி, ரெஞ்சை அவள் கையில் கொடுத்துச் சரி பார்க்கச் சொல்லி, நானே உள்ளே ஏறிப் பிரேக்கை மிதிப்பேன். மாட்டேன் என்பாள், அழுவாள், உங்கள் பெயரைச் சொல்லி மடக்கப் பார்ப்பாள். விடமாட்டேன். உங்கள் மனசு எனக்குத் தலைக்கு மேல் வைத்துக் கும்பிடத் தக்கது, மாப்பிள்ளை. ஆனால் என் தங்கச்சி உயிரோடு திரும்பி வர வேண்டும்.

என்றும் உங்கள் நிழலில் நிற்கும்,
உங்கள் பெண்டாட்டியின் அண்ணன்,
மச்சான் தங்கவேல்
சங்ககிரி