ரிஜிஸ்தர் பொத்தான்

அம்பாங்கான்,
4 மார்ச் 2024

திரு. சத்தியசீலன் அவர்களுக்கு,

உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது. புத்தகம் படிக்கும் கருவி ஒன்று வாங்கினீர்களா? நேற்று என் கருவியில் நாவலைத் திறந்தால், “உங்கள் இன்னொரு கருவியில் 61ஆம் பக்கம்வரை படித்திருக்கிறீர்கள், அங்கே போகலாமா?” என்று கேட்கிறது. எனக்கு ஏது இன்னொரு கருவி? போய்ப் பார்த்தால், “கதவைத் தட்டிவிட்டு நிற்கும் பழக்கம் அவனுக்கு இல்லை” என்ற வரிக்குக் கீழே கோடு.

என் போனைத் திருட்டுத்தனமாகத் துழாவினீர்கள் என்றுதானே அக்கா வீட்டுக்கு வந்தேன். இப்போது நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்றும் வேவு பார்க்கிறீர்களா? பத்திரிகையில் பந்து விளையாட்டுப் பக்கம் தவிர எதையும் புரட்டாத மனிதருக்குத் திடீரென்று நாவல் எதற்கு?

ரோகினி

லிங்கி,
9 மார்ச்

அன்புள்ள ரோகினிக்கு,

நீயும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். கருவி வாங்கியது உண்மை. லோபாக் பக்கம் ஒரு போன் கடையில் வாங்கினேன். என் போனில் நீ எப்போதோ போட்டுவைத்த உன் புத்தகக் கணக்கு கிடந்தது, கடைக்காரப் பெண் அதையே போட்டுக் கொடுத்துவிட்டாள். வீட்டில் திறந்தால் உன் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பிடுங்கிக்கொள்வாய் என்று பயம்.

என்ன படிக்கிறாய் என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்று போகும்போது சொன்னாய். செம்பனைக் காட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை முடிந்து வந்தால் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. அதுதான் படிக்கத் தொடங்கினேன். அந்த வரி என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது, கோடு போட்டேன். அது உனக்கும் தெரியும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

உன் சீலன்

அம்பாங்கான்,
14 மார்ச்

திரு. சத்தியசீலனுக்கு,

நீங்கள் சொல்வதை நம்ப ஆசைதான், அதனாலேயே பயமாக இருக்கிறது. போன முறையும் மணி பார்க்கத்தான் என் போனை எடுத்ததாகச் சொன்னீர்கள். சுவரில் கடிகாரம் இருந்தது. தர்மினி அக்கா, “ஆம்பள புக்கு படிக்கிறதெல்லாம் சும்மாலா, மயங்கிடாதே” என்கிறாள்.

கருவியின் செட்டிங்ஸில் ‘டீரிஜிஸ்தர்’ என்று இருக்கும். அதை அழுத்தினால் என் கணக்கிலிருந்து உங்கள் கருவி விலகிவிடும். என் பக்கமிருந்தே உங்களை நீக்க எனக்குத் தெரியும். நீங்களாகச் செய்கிறீர்களா என்று பார்க்கிறேன். ஒரு வாரத்தில் செய்யாவிட்டால் அடுத்த கடிதத்தை வக்கீல் எழுதுவார்.

ரோகினி

லிங்கி,
22 மார்ச்

அன்புள்ள ரோகினிக்கு,

கெடு தாண்டிவிட்டது, கோபப்படாதே. பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் நம் ஊரில் ரிஜிஸ்தர் என்றால் ஒன்றுதானே. கோயில் கல்யாணத்துக்கு முன்னால் சிரம்பான் பதிவு ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டோமே, அதுதான். மேலே உன் பெயர், கீழே டீரிஜிஸ்தர். அழுத்தினால் அந்தக் கையெழுத்தும் போய்விடுமோ என்று விரல் வரவில்லை. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஷங்கரிடம் கேட்டேன். “அது மெஷினுக்குண்ணே, அண்ணிக்கு இல்ல” என்று சிரித்தான்.

இன்று காலை அழுத்திவிட்டேன். எல்லாப் புத்தகமும் ஒரேயடியாகப் போய்விட்டது. நாவலில் அந்தப் பெண் படகுத்துறையில் நிற்கும் இடம்வரை வந்திருந்தேன். படகில் ஏறினாளா, வீட்டுக்குத் திரும்பினாளா, தெரியவில்லை. நானே காசு கொடுத்து வாங்கலாம்தான். ஆனால் நீ படிக்கிற புத்தகத்தைத்தான் படிக்க வேண்டும்போல் இருந்தது.

சீலன்

அம்பாங்கான்,
27 மார்ச்

ரிஜிஸ்தர்காரருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே என் கணக்கைத் திறந்து பார்த்தேன். உங்கள் கருவி அதில் இல்லை. நான் கேட்டதுதான், ஆனாலும் அழுதேன். அக்காவுக்குத் தெரியாது.

நாவலை முடித்துவிட்டேன். அவள் ஏறினாளா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களே படித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கருவியை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். திரும்ப ரிஜிஸ்தர் பண்ண என் பாஸ்வேர்ட் வேண்டும், அதைத் தபாலில் எழுத மாட்டேன். நான்தான் அடிப்பேன், நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். இன்னும் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

அக்கா வீட்டுக் கதவு எப்போதும் திறந்தேதான் கிடக்கும். இருந்தாலும் தட்டிவிட்டு நில்லுங்கள். நான் வந்து கூப்பிடுகிறேன்.

உங்கள் ரோகினி