கோட்டை இல்லாத கோட்டை வயல்

மார்ச் 3
மழை. டொரோண்டோவிலிருந்து மகள் நுவாலா கூப்பிட்டாள். "வீடு கட்ட இடம் இருந்தா வர்றோம்மா. இல்லேன்னா இங்கேயே வாங்கிடுவோம்."

எங்களுக்குச் சேறில்லாத நிலம் கோட்டை வயல் ஒன்றுதான். நடுவில் பழைய மண்கோட்டை என்று சொல்லும் வட்டக் கரை, அதைச் சுற்றி முள்மரங்கள். அடியில் 'நல்ல ஜனங்கள்', அதாவது கண்ணுக்குத் தெரியாத தேவதைக் கூட்டம், குடியிருக்கிறார்களாம்; அவர்கள் இடத்தில் கை வைத்தால் கேடு வருமாம். என் கணவர் மலாக்கியின் வீட்டில் நாலு தலைமுறையாக யாரும் அங்கே மண்வெட்டி வைத்ததில்லை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் பழைய கோட்டை என்றால் தொல்லியல்காரர் பார்க்காமல் கவுன்சில் அனுமதி தராது.

மார்ச் 12
தொல்லியல்காரர் வரவில்லை. மழைதான் வந்தது.

மார்ச் 19
வந்தது ஒரு சின்னப் பெண். அளந்தாள், மண்ணைக் குத்திப் பார்த்தாள், மூன்று கோப்பை டீ குடித்தாள். "இது கோட்டையே இல்லீங்க. ஏதோ துரை அழகுக்கு நட்ட மரம். நூத்தம்பது வருஷம்தான் இருக்கும்."

மலாக்கியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதோடு போனாளா? கொல்லையில் என் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். நிஜக் கோட்டையின் கரை அதுதானாம். இருபத்தேழு வருஷமாகக் கொத்திக்கொண்டிருக்கிறேன்!

"அதான் உன் கிழங்கு மட்டும் அப்படி வளருதா?" என்கிறார் மலாக்கி.

ஏப்ரல் 28
அனுமதி வந்துவிட்டது. மரங்களை வெட்டலாம், என் பாத்தியைத் தொடக் கூடாது.

துரை மரத்துக்குத் தொப்பி கழற்றிய குடும்பம் என்று ஒரு மாதமாக எங்களைக் கேலி செய்த பக்கத்து வீட்டு கோல்மன்தான் ஜேசிபி கொண்டுவந்தான். முதல் மரத்தின் முன்னால் நிறுத்திவிட்டான்.

"பேப்பர் உனக்கு வந்திருக்கு அட்ராக்டா. அவங்களுக்கு வந்துச்சா?"

"அங்க யாரும் இல்லன்னுதான் அந்தப் பொண்ணு சொல்லிட்டாளே."

"அப்ப இல்ல. அப்புறம் குடிவந்திருந்தா? நூத்தம்பது வருஷம் ஒரு இடம் காலியாவா கிடக்கும்?"

போய்விட்டான். எனக்கு வந்த கோபத்தில் நானே கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன். ஓங்கினேன். கை வரல. ஏன் வரல? நம்பிக்கையே இல்லாதவளுக்கு என்ன வந்துச்சு? — இதுக்காக எம்பொண்ணு வராமலே போயிடுவாளோ?

மே 2
மரத்தை வெட்ட முடியவில்லை என்று நுவாலாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், "மரத்தை விட்டுட்டு வீட்டைத் தள்ளிக் கட்டிக்கறோம். ஒரு ரூம் குறையும், அவ்வளவுதானே" என்றாள்.

மார்ச் 21, மறுவருடம்
வந்துவிட்டார்கள். கார் நின்ற இடத்திலிருந்து மரவட்டத்துக்குள் புகுந்து நடந்தால் புது வீட்டு வாசல் பத்தே காலடி. கனடாக்கார மருமகன் பெட்டிகளோடு அப்படித்தான் கிளம்பினார். நுவாலா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சுத்தி வா. நம்ம ஊர்ல இப்படித்தான்."

நம்ம ஊர் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மூன்று பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு, ஒன்றும் புரியாமல், சுற்றி வந்தார்.