கொற்றக்குடையைக் கவிழ்த்துக் காட்டிய குழியாடி

மலை நின்றபடி நிற்க. மழை பெய்தபடி பெய்க. ஓங்குவரை நாட்டின் உச்சியையும் அடிவாரத்தையும் ஒருசேரக் காக்கும் கோமான் வெற்பரையரின் திருவுள்ளப்படி, அவர்தம் அமைச்சர் சாத்தன் நல்லியார், நுரையாற்றின் மேல்கரையில் பாடி இறங்கியிருக்கும் படைத்தலைவர் எயினன் கொற்றனாருக்கு எழுதுவிக்கும் ஓலை. தங்கள் வில் வளையாது வாழ்க. தங்கள் வீரர் வீட்டு அடுப்புகள் அணையாது எரிக. தங்கள் முழங்கால் வலியும் சற்றே தணிந்திருக்கும் என நம்புகிறோம்.

முதலில் கட்டளை, பிறகு காரணம். இவ்வோலை கண்ட அளவில் போர்முரசு நிறுத்தப்படுக. வில்லில் ஏறிய நாண் அனைத்தும் இறக்கப்படுக. காரணம் அறியாமல் தாங்கள் ஒரு கல்லையும் நகர்த்தமாட்டீர்கள் என்பதை அரண்மனை நன்கறியும். ஆதலால் காரணத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறோம். முரசை நிறுத்திவிட்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

பூவந்துறை நாட்டினின்றும் தூதர் பதுமனார் மணத்தூது கொண்டு வந்ததும், அவர் கொணர்ந்த பரிசு நம் கோமானை இகழ்ந்ததும், அதனால் படை எழுந்ததும் தாங்கள் அறிந்தவை. பரிசு எவ்வாறு இகழ்ந்தது என்பதைத் தங்களுக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லவே நா கூசியது. அது தாம்பாளம் அளவான வெண்கல ஆடி. மெருகேற்றி மெருகேற்றி நீர்போல் பளபளக்கச் செய்தது. நம் வழக்கப்படி அதை அவையின் கீழ்க்கோடியில், மஞ்சளால் இட்ட வரம்புக்கோட்டிற்கு அப்பால் நிறுத்தினார்கள். நஞ்சு தடவிய பொற்கிண்ணம் ஒன்றால் முன்னோர் ஒருவர் மாண்ட நாள்முதல், வேற்றுநாட்டுப் பொருளை அரச குருதியினர் ஒரு திங்கள் கழியும்வரை அணுகுவதில்லை. கோட்டிற்கு இப்பால் நின்றே பார்ப்பார்கள். கோமானும் அவ்வாறே அரியணையில் அமர்ந்தபடி பார்த்தார். ஆடியில் அவர் திருவடி மேலே இருந்தது, திருமுடி கீழே இருந்தது, வெண்கொற்றக்குடை தரையில் கவிழ்ந்து கிடந்தது.

 இதற்கு என்ன பொருள் என்று கோமான் தூதரை வினவினார். தூதர் வாய் திறக்கவில்லை. மறுபடியும் வினவினார். அதற்கு அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? கையை உயர்த்தி, விரல்களை மடக்கி, கிட்டே வரும்படி கோமானைச் சைகையால் அழைத்தார். வேலையாளைக் கூப்பிடுவதுபோல் அரசரைக் கூப்பிட்டுவிட்டான் என்று அவை கொதித்து எழுந்தது. இந்த அமைச்சரும் எழுந்தவர்களில் ஒருவரே. அன்றே தூதரின் தலை மழிக்கப்பட்டது, தங்களுக்குப் படையெழுச்சி ஓலை பறந்தது, வெள்ளிக்கிழமை அந்தியில் அவர் தலையைக் கொய்து அந்த ஆடியிலேயே வைத்துப் பூவந்துறைக்கு அனுப்புவது என்று தீர்ப்பும் ஆயிற்று.

எவருக்காக இத்தூது வந்ததோ அந்த இளவரசி நறுவீ நங்கையாரைத் அவர் கைக்குழந்தையாய் இருந்தபோதே தூக்கியவர் தாங்கள். அவர் கோபம் எத்தகையது என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தந்தையைத் தலைகீழாக்கிய பொருள் தம் பெயரைச் சொல்லி வந்தது என்பதே அவருக்குப் பொறுக்கவில்லை.  வெள்ளிக்கிழமை முற்பகலில் மடைப்பள்ளிக்குப் போய் ஓர் இரும்புலக்கையை எடுத்துக்கொண்டு நேரே அவைக்கு நடந்தார். வாயில் காவலர் தடுக்கவில்லை. உலக்கையைக் கண்டு வழிவிட்டார்கள். ஆடியை நசுக்கி எறிவது ஒன்றே அவர் எண்ணம். வேறு அறிவார்ந்த நோக்கம் எதுவும் இல்லை என்று அவரே நம்மிடம் சொன்னார்.

தொலைவில் நின்றபோது அவர் உருவும் சிறிதாய்த் தலைகீழாய்த் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டினார். நெருங்க நெருங்க அவ்வுருவம் தலைகீழாகவே வளர்ந்தது, பெருத்தது, ஆடி முழுவதையும் அடைத்தது, பிறகு கலங்கிய குட்டையாய்க் குழம்பி இன்னதென்று தெரியாமல் போயிற்று. உலக்கையை ஓங்கியபடி இன்னும் ஓரடி வைத்தார். குழப்பம் தெளிந்து அவர் முகமே நேராய், இயல்பினும் பெரிதாய், இமைமயிர் ஒவ்வொன்றும் எண்ணும்படியாக எதிரே நின்றது. அழுது வீங்கியிருந்த தம் கண்களை அப்போதுதான் அவர் கண்டாராம். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

பின்வாங்கினால் கவிழ்ந்தது, முன்னேறினால் நிமிர்ந்தது. போவதும் வருவதுமாய் நெடுநேரம் சோதித்தபின், உலக்கையைக் கீழே போட்டுவிட்டு ஒரு விளக்கையும் வெள்ளைத் துணியையும் கொண்டுவரச் சொன்னார். தந்தைக்கும் ஆள் அனுப்பினார்.

கோமான் வந்து கோட்டருகே நின்றார். மகள் கோட்டிற்கு அப்பால் நிற்பதைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. முறை மீறியவளும் ஒரு திங்கள் ஒதுங்கி இருக்க வேண்டுமே என்று அவர் வருந்திச் சொல்ல, இருக்கத் தடையில்லை, அதற்குமுன் இந்த விளக்கைப் பாருங்கள் என்றார் இளவரசி. ஆடிக்கு எதிரே விளக்கை வைத்து, ஆடி திருப்பியனுப்பிய ஒளியைத் துணியில் விழச் செய்தார். துணியில் ஒரு சுடர் தோன்றியது. அதன் நுனி தரையை நோக்கித் தொங்கியது. ஆடி தங்களை இகழ்ந்தது என்றீர்களே, இந்த விளக்கு பூவந்துறைக்கு என்ன தீங்கு செய்தது, இதையும் ஏன் கவிழ்க்கிறது என்று இளவரசி கேட்டார்.

பிறகு அவரே விளக்கினார். அவர் சொன்னதை நமக்குப் புரிந்த அளவில் எழுதுகிறோம். ஒளி ஆடியில் பட்டால், தரையில் சாய்த்து எறிந்த பந்தைப்போல், எந்தச் சாய்வில் வந்ததோ அதே சாய்வில் மறுபக்கம் எழும்பிப் போகும். நம் வீட்டு ஆடிகள் தட்டையானவை. வந்த ஒளியை ஒழுங்கு கலையாமல் திருப்புகின்றன. ஆகவே நாம் எவ்வளவு முன்னே நிற்கிறோமோ அவ்வளவு பின்னே நம் உரு நேராய் நிற்பதாகத் தோன்றுகிறது. இந்த ஆடியோ கிண்ணத்தின் உட்புறம்போல் மெல்லக் குழிந்தது. இதன் விளிம்புகள் நடுவை நோக்கிச் சாய்ந்திருப்பதால், திரும்பும் ஒளியெல்லாம் உள்நோக்கி வந்து ஒன்றையொன்று கடக்கிறது. முடியிலிருந்து வந்த ஒளி கீழே போகிறது, அடியிலிருந்து வந்தது மேலே போகிறது. அவை கடந்தபின் தொலைவில் நிற்பவன் கவிழ்ந்த உருவைக் காண்கிறான். கடக்குமுன் அதை எதிர்கொள்ளும்படி ஆடியை ஒட்டி நிற்பவன் தன் முகத்தை நேராகவும் பெரிதாகவும் காண்கிறான். ஆடி எவரையும் இகழவில்லை, கொற்றனாரே. நாம் தொலைவில் நின்றோம், அவ்வளவுதான்.

கோமான் மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் தந்தையும் பாட்டனும் தாண்டாத கோடு அது. போரை ஏவ அவருக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. இந்த ஓரடி வைக்க நெடுநேரம் ஆயிற்று. பின்னர் வைத்தார். ஆடியை ஒட்டி நின்று தம் முகத்தைப் பார்த்தார்.  தூதரை ஓடிப்போய் அழைத்து வாருங்கள் என்று கூவினார். 

கொலைக்களத்தினின்றும் வந்த பதுமனார் எவரையும் நோக்கவில்லை. ஆடியை வாங்கி உச்சிவெயில் காயும் முற்றத்தில் ஞாயிற்றை நோக்கிப் பிடித்தார். ஒளியெல்லாம் ஒரு புள்ளியில் குவிந்தது. அப்புள்ளியில் பஞ்சுத்திரியை நீட்டினார், புகைந்தது, பற்றியது. அத்தீயைப் பெண்வீட்டு அடுப்பில் இட்ட பின்னரே அவர் நா அசைந்தது. முகம் பார்க்கும் ஆடி அன்று அது; மணத்தீ எடுக்கும் ஆடி. அத்தீ மூளும்வரை மணத்தூதர் உயிர் போனாலும் பேசலாகாது என்பது பூவந்துறை வழக்கம். அணுகக்கூடாத நாமும் பேசக்கூடாத அவரும் எதிரெதிரே நின்றோம். அவருக்காகப் பேச வந்த உரையாளரையும் ஏவலரையும், தூதர் ஒருவரே உள்ளே வரலாம் என்னும் நம் எல்லைவிதியை எழுத்துப் பிசகாமல் காத்து, தாங்கள் நுரையாற்றங்கரையிலேயே நிறுத்திக்கொண்டீர்கள். அவரது முதற்சொல்லும் அவர்களைப் பற்றியதே: எல்லையில் நின்றுவிட்ட தம் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார். எங்களால் மறுமொழி சொல்ல முடியவில்லை. தாங்கள்தாம் சொல்லவேண்டும்.

பதுமனார் மாண்டார் என்ற செய்தி இதற்குள் பூவந்துறையின் கீழ்க்கரையை எட்டிவிட்டது. பூவந்துறை வில்லவர் பழிவாங்க அணிவகுத்திருப்பதாகத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் முரசு நின்றாலும் அவர்கள் வில் நிற்காது. அவர் உயிரோடிருப்பதை அவர்கள் கண்ணால் காணவேண்டும். ஓலையாலும் கொடியாலும் அது நடவாது. மழித்த தலையோடு தனியே வரும் ஒருவரை அவர்கள் அடையாளம் காண்பதற்குள் இரு கரையிலும் எவனாவது ஓர் அம்பை விட்டுவிடுவான். ஆதலால் அவருக்குத் துணையாக ஒருவர் மணக்கோலத்தில் உடன் நடக்கிறார். கோமான் தடுத்துப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். இறுதியில் தம் கையாலேயே மகளுக்குப் பூச்சூட்டி அனுப்பினார்.

ஆகவே கோமான் கட்டளை இது. நிறுத்திவைத்த உரையாளரும் ஏவலரும் இப்பொழுதே மதிப்புடன் விடுவிக்கப்படுக. மேல்கரை வில்லவர் அனைவரும் வில்லைத் தரையில் கிடத்துக. இது மலைச்சுனையும் மதிநிலவும் சான்றாக, வேங்கைப்பூ முத்திரை பொறித்து, கோமான் திருமுன் எழுதி முடித்த ஓலை. தாங்கள் இதனைக் கையில் வாங்கும்போதே ஆற்றில் இறங்குவதென்பது நங்கையாரின் முடிவு. இவ்வரியைப் படிக்கும் வேளையில் அவர் இடுப்பளவு நீரில், இரு படைக்கும் நடுவே, தங்கள் வில்லவருக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருப்பார். ஓலையை வைத்துவிட்டு வெளியே ஓடுக, கொற்றனாரே.